யாரும் ஒடிக்காத தாழை

எழுபதுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கிணற்றடிக்குப் பின்னால் நான் ஒரு தாழை நட்டேன். கடற்கரை மணலில் கேட்பாரற்று வளரும் ஒன்றைச் செம்மண்ணும் சரளையுமான ஊருக்குக் கொண்டுவந்து, பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும் என்று அரசாங்கக் குமாஸ்தா எவருக்கும் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது.

காரணம் என் மனைவி. எங்கள் கல்யாணம் பங்குனியில் நடந்தது. தாழம்பூ மழைக்காலத்துப் பூ, பங்குனியில் கிடைக்காது. அவளுக்குக் கனகாம்பரத்தை வைத்துச் சடை தைத்தார்கள். பிறகு ஓர் ஆவணி மாதம் மாமல்லபுரம் போயிருந்தபோது, கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தவளிடம் ஒரு பூ வாங்கினாள். அதன் மடல்களைப் பிரித்துப் புடவைப் பெட்டியில் வைத்தாள். மடல் காய்ந்து சருகாகி நெடுநாள் ஆன பிறகும் பெட்டியைத் திறந்தால் வாசனை வந்தது. ஒருநாள் பெட்டியை மூடும்போது, "இந்தச் செடி வீட்டுலயே இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்றாள்.

பேச்சுக்குச் சொல்வதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. கட்டளையாகச் சொல்வதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு என்பாள் அவள்.

எங்கள் அலுவலகத்துப் பியூன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் உள்ள ஒரு குப்பத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர்தான் கரையில் ஒதுங்கி வேலைக்கு வந்தவர். அவரிடம் தாழங்கன்று வேண்டும் என்றேன்.

"தாழையா? அத்த போயி எவனாச்சும் வைப்பானா சார்? நாங்க அது வூட்டாண்ட வராம வெட்டிப் போட்டுகினு கீறோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் போனேன். குப்பத்தின் பின்னால் மணல்மேட்டு ஓரமாகத் தாழை வரிசையாக நின்றது. காற்றில் மணல் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த வேலிதான். நான் ஒவ்வொரு புதராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாம் அலங்கோலம். நடுக்குருத்து முறிந்து, ஓலைகள் கிழிந்து தொங்கி, கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் பார்ப்பதுபோல் இருந்தன. கடைக்கோடியில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. குடை விரித்தாற்போல் வட்டமாக, ஓர் ஓலைகூட ஒடியாமல், வாரிவிட்ட தலைபோல் ஒழுங்காக இருந்தது. பார்த்தவுடன் மனம் அதோடு போய்விட்டது.

"இதுல ஒரு பக்கக் கன்னு எடுப்பா."

"அது ஓரமா கீது சார், வெட்டி எடுக்க பேஜாரு. இந்தாண்ட கீறதுல எடுக்கலாமே."

"அதெல்லாம் ஒடிஞ்சு கிடக்கே."

"பூக்காரனுங்க விடியறதுக்குள்ள வந்து பிச்சிகினு பூடுவானுங்க. இன்னா பண்றது?"

"இதை மட்டும் ஏன் விட்டுவெச்சிருக்காங்க?"

"யாரு கண்டா? எங்களுக்கு அது வேலி சார். அது பூக்குதா, பூக்கலியான்னு யாரு பாத்துகினு கீறாங்க."

சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். விடை கிடைக்காததால் அதை நானே எழுதிக்கொண்டேன்: இது உயர்ந்த சாதிக் கன்று, முரடர்கள் கையில் படாதது. இப்படி முடிவு கட்டிவிட்டு, வேர் அறுபடாமல் தோண்டச் சொல்லி, சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தாழை ஓலையில் மூன்று வரிசை முள் உண்டு. இரண்டு ஓரங்களிலும் இரண்டு வரிசை, அடிப்பக்கத்து நடுநரம்பில் ஒரு வரிசை. அந்த முள்ளுக்குச் சாக்கு ஒரு பொருட்டே அல்ல. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பக்கத்தில் நின்றவருடைய வேட்டியில் முள் மாட்டிக்கொண்டது. அவர் இறங்க வேண்டிய இடம் வந்து அவர் நகர்ந்தார், வேட்டி நகரவில்லை. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா சார் அது, முள்ளு மூட்டை? உள்ள இன்னா கீது, பாம்பா?"

"தாழைங்க."

"தாழையா? அப்போ பாம்பு பின்னால வந்துகினு இருக்கும். அதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துடு சார்."

பஸ் முழுவதும் சிரித்தது. வேட்டிக்காரர் சிரிக்கவில்லை.

நடுவதற்கு முன் நான் யோசித்த யோசனைகளை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கடலோரச் செடி, அதற்கு மணல் வேண்டும். குழி வெட்டிச் சரளையை அள்ளிக் கொட்டிவிட்டு, அதே கடற்கரையிலிருந்து பியூன் தலையில் இரண்டு சாக்கு மணலை ஏற்றிக்கொண்டு வந்தேன். அதோடு நின்றிருக்கலாம். கடலோரச் செடியென்றால் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்ததாயிற்றே, நம் கிணற்றுத் தண்ணீர் அதற்குச் சப்பென்று இருக்குமே என்று தோன்றியது. வாளியில் கல் உப்பைக் கரைத்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கடல்நீரின் கரிப்பு வந்ததும் ஊற்றினேன்.

மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, செடி வெக்கறீங்களா, ஊறுகாய் போடறீங்களா?"

ஓலை நுனிகள் பழுப்பேறிக் கருகின பிறகு உப்பை நிறுத்தினேன். தாழை உப்பைத் தாங்கும் செடிதான். அதற்காக உப்பு வேண்டும் என்று அது கேட்கவில்லை. நல்ல தண்ணீர் கிடைத்ததும் ஒரு மழைக்காலத்துக்குள் நெஞ்சுயரம் வந்துவிட்டது. ஒழுங்காக விட்டால் தானே வளரும் ஒன்றை நான் எவ்வளவு தொந்தரவு செய்தும் அது வளர்ந்தது என்பதுதான் தாழையின் முதல் குணம்.

இரண்டாவது குணம் அதன் விழுதுகள். தண்டு ஓர் அளவுக்கு உயர்ந்ததும் பக்கங்களிலிருந்து கட்டைவிரல் பருமனில் வேர்கள் இறங்கி, பந்தக்கால் ஊன்றியதுபோல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். என் தாழையின் விழுதுகள் ஒரு பக்கமாகவே இறங்கின. பார்க்க ஒழுங்காக இல்லை என்று அவற்றில் சிலவற்றை வெட்டினேன். அடுத்த காற்றில் செடி கிணற்றுப் பக்கம் சாய்ந்தது. சவுக்குக் கழி ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். அந்தக் கழி கடைசிவரை அங்கேயே இருந்தது. பார்க்கிறவர்களிடம் அது கொடி கட்டுவதற்காக என்று சொல்லிவைத்தேன்.

வெட்டின விழுதுகள் வீண்போகவில்லை. பியூன் அவற்றை எடுத்துப்போய், ஒரு முனையைக் கல்லில் வைத்து நசுக்கி, நார் நாராகப் பிரித்து, வெள்ளையடிக்கும் மட்டையாக்கிக் கொண்டுவந்தார். அந்தப் பொங்கலுக்கு எங்கள் சுற்றுச்சுவர் என் தாழையால்தான் வெள்ளையானது. ஓலையில் பாய் முடையலாம் என்று கேள்விப்பட்டு, முள்ளைச் சீவி, ஓலையை வாட்டி, கீறி, ஒரு சிறு தடுக்கு முடைய உட்கார்ந்தேன். முடிந்தபோது அது சதுரமாக இல்லை, வட்டமாகவும் இல்லை. மனைவி அதன்மேல் அம்மிக்குழவியை வைத்தாள்.

எதிர்ப்பும் இருந்தது. பக்கத்து வீட்டம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, என்னிடம் அல்ல, என் மனைவியிடம் சொன்னார்: "ஏம்மா, தாழை வெச்சா நாகம் வரும்னு உங்க வூட்டுக்காருக்குத் தெரியாதா? வாசனைக்குச் சுத்திகினு படுத்துக்கும். ராத்திரில கிணத்தாண்ட எப்படிப் போவ?"

நான் தினமும் காலையில் ஒரு குச்சியால் தூரைத் தட்டிப் பார்த்து, பாம்பு இல்லை என்று சுவர் வழியாக அறிவித்தேன். ஒரு வருஷம் ஆயிற்று. இன்னொரு வருஷமும் ஆயிற்று. தவளைகள் வந்தன. ஓணான் வந்தது. பாம்பு வரவில்லை. கடைசியில் அந்த அம்மாளே, "ஒரு பாம்புகூட எட்டிப் பாக்கல. இன்னா தாழைங்க அது?" என்றார். அதற்குள் எனக்கும், ஒன்றாவது வந்து மானத்தைக் காப்பாற்றக்கூடாதா என்று இருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் என் மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. அவளுக்கு அப்போது எட்டு வயது. காய்ச்சல் இறங்காமல் பல நாள் கிடந்தாள். டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒரு நாளில், என் மனைவி திருப்போரூர் முருகனுக்கு, குழந்தை பிழைத்தால் அவள் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தாள். முடி கொஞ்சம் கொட்டி, மறுபடி அடர்த்தியாக, முன்பைவிட நீளமாக வளர்ந்தது.

வேண்டுதலைச் செலுத்தும் நேரம் வந்தபோது மகள் மறுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணை மற்றவர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். அவளும் படுத்தினவர்களில் ஒருத்தி என்பது பின்னால்தான் தெரிந்தது. அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அம்மாவிடம் ஒரு பேரத்துக்கு இறங்கி வந்தாள்.

"தாழம்பூ வெச்சுச் சடை தெச்சு, கண்ணாடி முன்னாடி நிக்கவெச்சு ஸ்டூடியோல போட்டோ எடுத்தா மொட்டை போட்டுக்கறேன். முன்னாடி எனக்கு இவ்ளோ முடி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் காட்டணும்."

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளை அப்படிப் படம் எடுப்பது வழக்கம். பின்னால் நிலைக்கண்ணாடியை வைப்பார்கள். படத்தில் முகமும் தெரியும், கண்ணாடியில் சடையும் தெரியும்.

மனைவி சரி என்றாள். பூக்கடையில் சொல்லிவைத்தால் தாழம்பூ வந்துவிடும், அதோடு முடிந்திருக்கும். நான்தான் குறுக்கே விழுந்தேன். வீட்டில் செடியை வைத்துக்கொண்டு யாராவது கடையில் வாங்குவார்களா? இந்த ஆடியில் பூத்துவிடும், நம் வீட்டுப் பூவிலேயே சடை தைக்கலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த ஆடியில் பூக்கவில்லை. அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் தள்ளிவைத்தோம். இடையில் ஐப்பசி மழையில் மகளுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாளே இறங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் என் மனைவி தரையில் உட்கார்ந்து, குழந்தையின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடன் வெச்சிருக்கோம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். இனிமேல் தள்ளிவைக்க முடியாது என்பது எனக்கும் தெரிந்தது.

அடுத்த ஆனி மாதக் கடைசியில் நடுக்குருத்திலிருந்து ஒரு கூம்பு எட்டிப்பார்த்தது.

அன்று நான் அலுவலகத்துக்கு நேரம் கழித்துப் போனேன், என் வேலைக்காலத்தில் அரிதாக நடந்த ஒன்று. தாழை பூத்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். தாழம்பூவைச் சிவன் கோயிலில் ஏன் சேர்ப்பதில்லை, அது பொய்ச்சாட்சி சொன்ன கதை என்ன என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். ஸ்டூடியோவுக்குப் போய், கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன்.

மனைவி ஒரு மோடாவில் ஏறி நின்று கூம்பை மோந்து பார்த்தாள்.

"புல்லு வாசனைதான் வருது."

"விரிஞ்ச பிறகுதான் மணக்கும்."

"பச்சையா இருக்கே?"

"விரிஞ்ச பிறகுதான் வெளுக்கும்."

நாளுக்கு நாள் கூம்பு விரிந்தது. வெளுக்கவில்லை. உள்ளிருந்து ஓர் உருண்டை வந்தது. பச்சையாக, சொரசொரவென்று, பலாப்பிஞ்சுக்கும் அன்னாசிக்கும் பிறந்ததுபோல். அதைச் சுற்றிலும் நான் மடல்களைத் தேடினேன். இன்னும் பொழுது இருக்கிறது என்றேன். என் தாழை ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதன் சார்பில் நான்தான் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோவுக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், மகள் செடியடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதையா என் தலையில வெக்கப் போறீங்க?"

பூக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மாலைகளுக்கு நடுவில் தலை நிமிராமல் சொன்னார்: "நாளன்னிக்குக் கிருத்திகை. சாமந்தி கேளு, அரளி கேளு, கதம்பம் கேளு. தாழம்பூ முன்கூட்டிச் சொன்னாத்தான் சார் எடுத்தாருவோம். வெளியூர்ச் சரக்கு அது."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி குரலை உயர்த்தவில்லை. "அவ மாட்டேன்னுட்டா நான் கட்டிப் பிடிச்சா உக்கார வெக்க முடியும்? அவளுக்குக் குடுத்த வாக்கை உடைச்சுட்டு, சாமிக்குக் குடுத்த வாக்கை எப்படிக் காப்பாத்தறது?" என்றாள். அன்று சமையலில் உப்பு இல்லை. அதைச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பியூன் குப்பத்துப் பஸ் நிறுத்தத்தில் துரட்டியும் அரிவாளுமாக நின்றிருந்தார். முதல் நாளே ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். தாழை வரிசைக்குப் போனோம். பூக்காரர்கள் வந்துபோயிருந்தார்கள். ஒடிந்த குருத்துகளில் சாறு கசிந்துகொண்டிருந்தது. மணலில் மாவு சிந்தினாற்போல் மகரந்தம். காற்றே மணத்தது. பூ மட்டும் இல்லை.

கடைக்கோடியில் என் அழகான புதர் நின்றிருந்தது. அதே குடை, அதே ஒழுங்கு. ஆனால் இந்தத் தடவை ஓலைகளுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் தேங்காய் அளவுக்குப் பழங்கள் தொங்கின. அவற்றுக்கு மேலே புதிதாக ஒரு பச்சை உருண்டை, என் வீட்டில் உள்ளதைப் போலவே.

அங்கேதான் எனக்குப் புத்தியில் பட்டது. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாழையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மணக்கும் மடல் ஆண் தாழைக்கு. பெண் தாழைக்குப் பழம். ஆண் தாழையைத்தான் ஊரே வந்து ஒடிக்கிறது. இந்தப் புதர் இவ்வளவு ஒழுங்காக இருப்பதற்குக் காரணம், ஒடித்து எடுத்துப் போக அதனிடம் ஒன்றும் இல்லை. பக்கக் கன்று தாயைப்போலவேதான் வரும். நான் வருஷக்கணக்காக உப்பும் மணலும் ஊட்டி வளர்த்தது, பூப்பறிக்கிறவன் எவனும் திரும்பிப் பார்க்காத ஒன்றை. அதையும் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான்.

பியூனிடம் சொன்னேன். அவர் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, ஆமா சார்! பொறந்ததுலேந்து இத்த பாத்துகினு கீறேன், எனுக்கே இப்பதான் தெரியிது. பொம்பளயா இது? அப்ப உன் வூட்ல கீறது பொண்ணு. கலியாணம் கட்டிக் குடுத்துடு."

வரிசையின் நடுவில், அடர்ந்த ஓர் ஆண் புதரின் உள்ளே உயரத்தில், வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. பூக்காரர்கள் எட்டாமல் விட்டது. துரட்டி எட்டவில்லை. பியூன் அரிவாளால் வழி செய்கிறேன் என்றார். நான் பொறுக்கவில்லை. குனிந்து உள்ளே நுழைந்தேன்.

தாழை ஓலையின் ஓரத்து முட்கள் நுனியைப் பார்த்திருக்கும். அடிப்பக்கத்து நடுநரம்பில் பல முட்கள் எதிர்த்திசையைப் பார்த்திருக்கும். ஆகையால் ஒரு மனிதன் உள்ளே போகும்போது ஒரு வரிசை வழிவிட்டால், திரும்பும்போது இன்னொரு வரிசை பிடித்துக்கொள்ளும். இந்த விவரத்தை நான் பூவைக் கையில் பிடித்தபடி, அசைய முடியாத நிலையில், சட்டை முதுகிலும் வேட்டி முழங்காலிலும் காது மடலிலும் ஒரே சமயத்தில் தெரிந்துகொண்டேன்.

மீன்கூடைகளோடு பெண்கள் சிலர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நின்றாள்.

"இன்னா நைனா, தாழம்புதர்ல குடி வந்துட்டியா?"

"பூ எடுக்க வந்தாரு" என்றார் பியூன்.

"பூதான் அவர எடுத்துக்கிச்சு!" என்றாள் இன்னொருத்தி. "யாருக்கு நைனா பூ? வூட்ல கீறதுக்கா, வெளிய கீறதுக்கா?"

"என் பொண்ணுக்கும்மா" என்று புதருக்குள்ளிருந்து சொன்னேன். என் குரல் எனக்கே ஆபீஸ் குரலாகக் கேட்டது.

"பொண்ணுக்கா? அப்ப இரு, இரு, ஆடாத. ஆடுனா இன்னும் குத்தும்." அவள் கூடையை இறக்கிவைத்தாள். பியூன் அரிவாளால் ஓலைகளை வெட்ட, அவள் ஒவ்வொன்றாக விலக்கிப் பிடித்தாள். சட்டையின் முதுகுப் பகுதியை நாங்கள் அங்கேயே விட்டுவிட வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூன பிறாண்டுன மாரி கீது. வூட்டுக்குப் போனதும் மஞ்சா தடவு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பூவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பஸ் முழுவதும் மணத்தது. யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. முதுகு இல்லாத சட்டைதான் காரணமாக இருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் சடை தைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்: பக்கத்து வீட்டம்மாள். மனைவி போய்க் கூப்பிட்டாள். அவர் வந்து பூவை வாங்கி, மடல் மடலாகப் பிரித்து, முள் ஓரங்களை நகத்தால் கிழித்து எடுத்து, மடித்து மடித்துச் சடையில் வைத்து ஊசியால் தைத்தார். கை நிற்காமல் என்னைப் பார்த்தார்.

"பரவால்லியே. பாம்பு இல்லாத பூவாப் பாத்து எடுத்தாந்துட்டீங்க. பாம்பு வேலையெல்லாம் முள்ளே பாத்துடுச்சு போலக் கீது."

நான் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். சட்டையை மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. நேரம் ஆகிவிட்டது.

ஸ்டூடியோவில் மகளை முக்காலிமேல் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பின்னால் நிலைக்கண்ணாடியைச் சாய்த்தார்கள். விளக்கைப் போட்டதும் சடை தந்தம்போல் பளபளத்தது. மனைவி ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது பூவையா, முடியையா என்று எனக்குத் தெரியவில்லை. கீழ்வரிசையில் ஒரு மடல் கொஞ்சம் கோணலாக இருப்பதாக எனக்குப் பட்டது. அதைச் சொல்ல முன்னே போனேன். ஸ்டூடியோக்காரர், "சார், பின்னால போங்க" என்றார். போனேன். மறுபடி முன்னே போனேன். "சார்!" என்றார். எடுத்துவிட்டார்.

மறுநாள் திருப்போரூரில் மகள் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தாள். பேரத்தில் அவள் பங்கை அவள் சரியாகச் செய்தாள். முடி விழ விழ அழுதது வேண்டிக்கொண்டவள்தான். மகள் கத்திக்குக் கீழே தலையைக் குனிந்தபடியே, "அதான் போட்டோல இருக்குல்லம்மா" என்றாள். சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தபோது அவள் தலை எவ்வளவு சிறியது என்று பார்த்து எனக்குத் திக்கென்றது. மனைவி அன்று பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

படம் வந்தது. மகள் அழகாக இருந்தாள். கண்ணாடியில் சடை ஒரு மடல் விடாமல் தெரிந்தது. கண்ணாடியின் ஓரத்தில், சடைக்குப் பக்கத்தில், நானும் தெரிந்தேன். முகத்தில் மஞ்சள் பட்டை பட்டையாக. கழுத்தை நீட்டி, ஒரு விரலை உயர்த்தி, வாய் திறந்தபடி. கிழிந்த சட்டை தோளிலிருந்து நழுவியிருந்தது. கோணல் மடல் என்று நான் நினைத்தது கோணலாகவே இல்லை.

மறுபடி எடுக்க முடியாது. முடி போய்விட்டது. மனைவி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போனேன். கண்ணாடியில் உள்ள ஆளை அழித்துவிடலாம், நெகடிவில் பென்சில் வேலை செய்தால் தெரியாது, வெள்ளிக்கிழமை வேறு பிரதி தருகிறேன் என்றார் அவர். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மகள் அந்தப் பழைய பிரதியைப் பையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருந்தது எனக்குத் தெரியாது. மொட்டைத் தலையோடு அவள் முதல் நாள் போனது அன்றுதான். சாயங்காலம் அவள் வரும் நேரத்துக்கு நாங்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தோம். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"மொட்டைன்னு ஆரம்பிச்சாளுங்க. போட்டோவைக் காட்டினேன்." படத்தை எடுத்து நீட்டினாள். ஓரமெல்லாம் விரல் ரேகை. "சடையை ஒருத்தியும் பாக்கல. இது யாருடின்னு எல்லாரும் அப்பாவைத்தான் கேட்டாளுங்க. எங்கப்பாதான், தாழம்பூ பறிக்கப் போயி மாட்டிக்கிட்டாருன்னு சொன்னேன். டீச்சர்கூடச் சிரிச்சுட்டாங்க. அப்புறம் என் தலையை யாருமே பாக்கல."

"வெள்ளிக்கிழமை வேற படம் வருதும்மா" என்றேன். "அதுல நான் இருக்க மாட்டேன்."

"ஐயையோ, வேணாம்பா! அப்புறம் நாளைக்கு அவளுங்க எதைப் பாத்துச் சிரிப்பாளுங்க?"

அன்று மாலையே நடந்து போய், அழிக்க வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வேலையைத் தொடங்கிவிட்டேனே, காதை மட்டும் எடுத்துவிட்டேனே என்று அவர் தலையைச் சொறிந்தார். காதைத் திரும்ப வரையச் சொன்னேன்.